மலிவு விதை உண்மையில் மலிவா? வீட்டுக் காய்கறிக்கு விதையும் கன்றும் வாங்கும் முன் அறிய வேண்டியவை

மிளகாய், வெண்டை, கத்தரி, கீரை ஆகியவை வாராந்தரச் சந்தைச் செலவில் தவறாமல் இடம்பெறுபவை. இவற்றில் கொஞ்சமாவது வீட்டிலேயே விளையட்டும் என்று தொடங்குவோர் பலர், விதைப் பொட்டலம், பாலிபேக் கன்று, மண், உரம் என்று முதல் மாதமே பணத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். பிறகு முளைக்காத தொட்டியைப் பார்த்து அலுத்து, எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

பொட்டலத்தின் விலையை மட்டும் பார்ப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். முளைத்து, பிழைத்து, காய் தரும் ஒரு செடிக்கு எவ்வளவு செலவாகிறது என்பதே சரியான கணக்கு. அப்படிப் பார்த்தால், சிலவற்றைக் காசு கொடுத்து வாங்கவே தேவையில்லை. சிலவற்றில் மலிவைத் தேடினால் நட்டம்தான் மிஞ்சும்.

காசு இல்லாமல் கிடைப்பவை

லயத்து வீடுகளின் பின்புறம் விளைந்த பலவற்றுக்கு யாரும் விதை வாங்கியதில்லை. அண்டை வீட்டில் ஒரு குச்சி கேட்டு வாங்கி நட்டார்கள்.

மரவள்ளிக்கு முற்றிய தண்டில் 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளத் துண்டு போதும். கணு மேல்நோக்கி இருக்கும்படி நட வேண்டும். முருங்கைக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள முற்றிய கிளையை வெட்டி, வெட்டுவாய் காய ஓரிரு நாள் நிழலில் வைத்து நட்டால் அழுகுவது குறையும். சர்க்கரைவள்ளிக்கு 30 சென்டிமீட்டர் கொடித் துண்டு போதுமானது.

சந்தையில் வாங்கும் கட்டிலிருந்தே கங்கோங், பொன்னாங்கண்ணி, பசலை ஆகியவற்றைத் தொடங்கலாம். இலையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, கணுவுள்ள தண்டை நீரில் வைத்தால் சில நாளில் வேர் விடும். செராய் வாங்கும்போது அடிப்பகுதி முழுமையாக உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் வேர் பிடிக்கும். இஞ்சி, மஞ்சள், லெங்குவாஸ் மூன்றிலும் முளைக்கண் தெரியும் திரண்ட கிழங்காகப் பார்த்து எடுக்க வேண்டும்.

கறிவேப்பிலைக்குத் தாய்ச்செடியின் அடியில் வரும் வேர்க்கன்று எளிய வழி. பழத்திலிருந்து எடுக்கும் விதையை உடனே நட வேண்டும். காய வைத்துச் சேமித்தால் அதன் முளைப்புத் திறன் விரைவில் போய்விடும்.

மளிகைச் சாமானில் உள்ள விதை

வெந்தயம், கடுகு, பச்சைப்பயறு ஆகியவை வறுக்கப்படாத, உடைக்கப்படாத முழுத் தானியமாக இருந்தால் பெரும்பாலும் முளைக்கும். வெந்தயக்கீரைக்குத் தனிப் பொட்டலம் வாங்குவது வீண் செலவு. கொத்தமல்லியை மெல்லத் தேய்த்து இரண்டாக உடைத்து ஊன்றலாம். ஆனால் பழைய மல்லி முளைக்காது. முளைத்தாலும் சமவெளி வெப்பத்தில் விரைவாகப் பூத்துவிடும் என்பதால் இளசாகவே பறிக்க வேண்டும்.

கடையில் வாங்கிய தக்காளி, குடைமிளகாய் ஆகியவற்றின் விதையை நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு. அவற்றில் பல கலப்பின வகைகள். அவற்றின் விதையிலிருந்து வரும் செடி தாய்ச்செடியைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது.

பொட்டலம் வாங்கும்போது

வெண்டை, பயற்றங்காய், கத்தரி, மிளகாய், பாகல் போன்றவற்றுக்கு முதல் முறை நல்ல விதை வாங்குவதே சிக்கனம். பொட்டலத்தில் காலாவதி நாள், வகைப் பெயர், முளைப்பு விழுக்காடு ஆகியவை உள்ளனவா என்று பார்க்க வேண்டும். வெயில் படும் இடத்தில் தொங்கும் பொட்டலத்தைத் தவிர்ப்பது நல்லது. ‘எஃப்1’ என்று அச்சிடப்பட்டிருந்தால் அது கலப்பின விதை. விளைச்சல் நன்றாக இருக்கும்; ஆனால் அதிலிருந்து விதை எடுத்து வைப்பதில் பயனில்லை.

இளஞ்சிவப்பு, நீலம், பச்சை எனச் சாயம் பூசிய விதைகளில் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். அவற்றைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் வைத்து, தொட்ட கையைக் கழுவ வேண்டும்.

எல்லாவற்றையும் மண்ணில் போடும் முன் ஒரு சோதனை செய்யலாம். ஈரமான டிஷ்யூ தாளில் 10 விதைகளை வைத்து மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்க வேண்டும். வெண்டையும் பயறும் சில நாளில் முளைக்கும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் இரண்டு வாரம்வரை பொறுக்க வேண்டும். ஒரு கணக்கைப் பாருங்கள்: 2 ரிங்கிட் பொட்டலத்தில் உள்ள 20 விதையில் 18 முளைத்தால் ஒரு நாற்றுக்கு 11 சென். 1 ரிங்கிட் பொட்டலத்தில் 20க்கு 5 மட்டுமே முளைத்தால் ஒரு நாற்றுக்கு 20 சென். பாதி விலை விதை, கடைசியில் ஏறக்குறைய இரட்டிப்பு விலையாகிறது.

கன்று வாங்கும்போது

சின்னப் பாலிபேக்கில் காய்த்துத் தொங்கும் மிளகாய்ச் செடி கண்ணைக் கவரும். ஆனால் அதன் வேர் ஏற்கெனவே பைக்குள் சுற்றி நெருங்கியிருக்கலாம். தண்டு தடித்த, இன்னும் பூக்காத இளங்கன்றே மாற்றி நட ஏற்றது. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்க வேண்டும். வெள்ளை ஈ, மாவுப்பூச்சி இருந்தாலோ, இலை சுருண்டு மஞ்சள் திட்டு விழுந்திருந்தாலோ இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. வைரஸ் தாக்கிய செடிக்கு மருந்து இல்லை. பக்கத்துச் செடிகளுக்கும் அது பரவும்.

கத்தரி, தக்காளி, மிளகாய்ச் செடிகள் பச்சையாக இருக்கும்போதே திடீரென வாடிச் சாவது பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். வாடிய செடியின் தண்டை வெட்டி, கண்ணாடிக் குவளை நீரில் தொங்கவிட்டால் பால் போன்ற இழை வழியும். இந்நோய் மண்ணில் நீண்ட காலம் தங்கும். கன்றோடு வரும் மண்ணிலும் வரும். இந்நோயைத் தாங்கும் திறன் சுண்டைக்காய்ச் செடிக்கு உண்டு. அதனால்தான் அதன் அடித்தண்டில் கத்தரியை ஒட்டுக்கட்டி விற்கிறார்கள். ஏற்கெனவே செடிகள் வாடிச் செத்த இடத்தில் நடுவோருக்கு, அந்த ஒட்டுக்கன்றின் கூடுதல் விலை வீணாகாது.

இணையத்திலும் பயணப் பெட்டியிலும் வரும் விதை

நீல ஸ்ட்ராபெரி, வானவில் நிற ரோஜா என்று இணையத்தில் மலிவாக விற்கப்படும் விதைகள் ஏமாற்று. உண்மையான விதையும் இங்கு ஒத்துவராமல் போகலாம். ஐரோப்பிய வகைப் பெரிய வெங்காயம் திரள 14 மணி நேரத்துக்கும் கூடுதலான பகல் வேண்டும். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். கேமரன் மலையில் விளையும் காலிஃபிளவர், சமவெளித் தாமான் வீட்டில் அதேபோல் விளையாது.

தமிழ்நாட்டுக்குச் சென்று திரும்புவோர் கீரை விதை, மல்லிகைக் கன்று ஆகியவற்றைப் பெட்டியில் கொண்டுவருவது நெடுநாள் வழக்கம். ஆனால் 1976ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்புச் சட்டப்படி இதற்கு அனுமதி வேண்டும். 2011ஆம் ஆண்டின் மாகிஸ் சட்டத்தின் 11ஆம் பிரிவின் கீழ், அனுமதியின்றிக் கொண்டுவருவோருக்கு 100,000 ரிங்கிட்வரை அபராதமோ 6 ஆண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இந்தக் கெடுபிடிக்கான காரணம் தோட்டப்புறத்தாருக்குப் புரியும். தென் அமெரிக்காவின் ரப்பர் இலைக்கருகல் நோய், பிரேசிலில் ரப்பர்த் தோட்டங்களையே அழித்தது. அது இங்கு நுழையாமல் இருப்பதற்குத் தாவரக் கட்டுப்பாடும் ஒரு காரணம்.

சொந்த விதை

இரண்டாம் ஆண்டிலிருந்து விதைச் செலவைக் குறைக்கும் வழி, சொந்தமாக விதை எடுப்பது. கலப்பினம் அல்லாத வெண்டையும் பயற்றங்காயும் இதற்கு எளிது. நல்ல காயையெல்லாம் சமைத்துவிட்டு, கடைசியில் மிஞ்சும் சோடைக் காயை விதைக்கு விடுவது பலர் செய்யும் தவறு. செழித்த செடி ஒன்றில் முன்கூட்டியே துணி கட்டி அடையாளம் வைத்து, அதன் காயைச் செடியிலேயே முற்றிக் காயவிட வேண்டும்.

விதைக்குப் பகை ஈரமும் வெப்பமும். விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அதே பலன் என்பதும் விதைச் சேமிப்பில் பின்பற்றப்படும் பொது விதி. நிழலில் நன்கு காயவைத்து, காற்றுப் புகாத புட்டியில், வறுத்து ஆறிய அரிசியோடு குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். வகைப் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்ட வேண்டும்.

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயமும் உண்டு. தோட்டங்கள் விற்கப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு இடம்பெயர்ந்தபோது, லயத்துக் கொல்லையில் பல தலைமுறையாக விதை எடுத்து விதைத்த அவரையும் கீரையும் பல இடங்களில் அங்கேயே முடிந்துபோயின. இன்னும் அப்படிப்பட்ட விதை வைத்திருக்கும் பாட்டிமார் இருந்தால், ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி, இரண்டு மூன்று வீடுகளில் பிரித்து வளர்ப்பது நல்லது. ஒரு வீட்டில் பட்டுப்போனாலும் இன்னொரு வீட்டில் விதை இருக்கும்.

நிலம் இல்லாதோர் குடியிருப்பாளர் குழுவாகச் சேர்ந்தால், விவசாய இலாகாவின் நகர்ப்புற விவசாயத் திட்டம் பற்றி மாவட்ட விவசாய அலுவலகத்தில் விசாரிக்கலாம். தனியாகத் தொடங்குவோர் முதல் மாதம் சந்தைக் கங்கோங் தண்டு, ஒரு பிடி வெந்தயம், ஒரு பொட்டலம் வெண்டை ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். அவை பிழைத்தால் அடுத்த மாதம் கத்தரியும் மிளகாயும் நடலாம்.