பகடையைத் தொடும் முன்

ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை ஆட ஆரம்பித்த புதிதில், முதல் நாளே கதைக்குள் இறங்கிவிடுவோம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் களம். ஒருமுறை நான் நடத்திய கதை, ஏரியில் மூழ்கிய ஒரு பையனைத் தேடுவதில் தொடங்கியது. தோழி ஒருத்தி பகடையைக் கீழே வைத்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டாள். அவளுடைய தம்பி கிணற்றில் விழுந்து இறந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்பதற்கென்று ஒரு நேரமே எங்கள் ஆட்டத்தில் இல்லை.

அந்த நேரம் இந்த ஆட்டத்துக்குள் எப்போது வந்தது என்று அதன்பிறகு தேடிப் படித்தேன். தொடக்கத்தில் அது கிடையாது. 1969-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் வட்டாரத்தில் டேவிட் வெஸ்லி நடத்திய ‘பிரௌன்ஸ்டைன்’ ஆட்டத்தில் யார் மேயர், யார் பல்கலைக்கழக வேந்தர் என்பதையெல்லாம் அவரே முடிவு செய்து கொடுத்தார். அந்த வட்டத்தில் ஆடிய டேவ் ஆர்னெசன், கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து 1974-இல் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலோ, மூன்று பகடைகளை உருட்டி உங்கள் வலிமையையும் அறிவையும் சொல்பவர் நடுவர். 1977-இல் வந்த ‘டிராவலர்’ இன்னும் கடுமை. பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும்போதே, பகடை சரியாக விழாவிட்டால் அது செத்துப்போகும். பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

என்னைப் பொறுத்தவரை திருப்பம் 1987-இல், ஜானதன் ட்வீட்டும் மார்க் ரெய்ன்-ஹேகனும் எழுதிய ‘ஆர்ஸ் மேஜிகா’ ஆட்டத்தில் வந்தது. மந்திரவாதிகள் கூடி வாழும் இடம் எல்லோருக்கும் பொது. காவல் வீரர்களும் பொது. யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். கதை நடத்தும் பொறுப்பும் கைமாறும். பொதுச்சொத்து என்று வந்துவிட்டால் உட்கார்ந்து பேசித்தானே ஆகவேண்டும்!

மனக்காயங்களைப் பற்றிய பேச்சு இன்னும் தாமதமாகத்தான் வந்தது. எதைக் கதைக்குள் கொண்டுவரவே கூடாது, எதைத் திரைக்குப் பின்னால் நடத்தலாம் என்று முன்பே பிரித்துக்கொள்ளும் முறையை ரான் எட்வர்ட்ஸ் 2003-இல் எழுதினார். ஆட்டத்துக்கு முன் இப்படிக் கூடிப் பேசுவதற்கு ‘செஷன் ஜீரோ’ என்ற பெயர் ஆடுபவர்கள் வாயில் புழங்கி, 2020-இல் ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ நூலில் தனிப் பகுதியாக ஏறியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிறந்து அதற்குள் 46 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இப்போது எங்கள் மேசையில் முதல் நாள் பகடை வராது. ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் சுற்றி வரும். போன முறை அந்தத் தோழி அதில் ‘கிணறு வேண்டாம்’ என்று எழுதினாள். சற்று யோசித்து, கீழே ‘படகு வரலாம்’ என்று சேர்த்தாள்.