மலைமேல் கேட்ட குரல்: லூக்கா 9:35இன் ஒரு பாடபேதம்

தமிழ்ப் புரொட்டஸ்டண்ட் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில், மறுரூப மலையில் மேகத்திலிருந்து எழும் குரல் இயேசுவை ‘நேசகுமாரன்’ என்கிறது (லூக்கா 9:35). 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அதே வசனத்தில் ‘தேர்ந்துகொண்டவர்’ என்று இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களின் சொல்விருப்பம் என்றே இதை நெடுநாள் எண்ணியிருந்தேன். அது தவறு. கிரேக்கச் சுவடிகளிலேயே இரு பாடங்கள் உண்டு. தமிழ் வேதாகமங்கள் இரண்டும் ஆளுக்கொன்றைப் பின்பற்றியிருக்கின்றன. மறுரூபக் கதை எப்படித் தோன்றியது என்ற பழைய வழக்கில் இந்தப் பாடபேதத்துக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

அந்த வழக்கில் இன்றும் எதிர்கொள்ள வேண்டியவர் ருடால்ஃப் புல்ட்மன். 1921இல் வெளிவந்த ஒத்தமை நற்செய்தி மரபு பற்றிய நூலில், வெல்ஹவுசனை ஒட்டி, மறுரூபம் என்பது இடம்மாறிய உயிர்த்தெழுதல் கதை என்றார். ஈஸ்டருக்குப் பின் மகிமையோடு தோன்றிய கிறிஸ்துவைப் பற்றிய கதையை மாற்கு தம் நூலின் நடுவே கொண்டுவந்து வைத்தார் என்பது அவர் வாதம். மலை, மேகம், ஒளி ஆகியவை அதற்குப் பொருந்தத்தான் செய்கின்றன. உயிர்த்தெழும்வரை யாரிடமும் சொல்லலாகாது என்ற கட்டளையும் (மாற்கு 9:9) அவர் பக்கமே சாய்கிறது.

ஆனால் கதையின் கட்டமைப்பு இடம் கொடுக்கவில்லை. உயிர்த்தெழுதல் காட்சிகளில் இயேசு முதலில் அங்கே இல்லை, பிறகு வருகிறார், வந்ததும் பேசுகிறார். மறுரூபத்திலோ அவர் தொடக்கம் முதல் உடனிருக்கிறார். மலைமேல் மாற்குவில் அவர் வாய் திறப்பதே இல்லை. பேசுவது வானத்துக் குரல். சி. எச். டாட் 1955இலும் ராபர்ட் ஸ்டைன் 1976இலும் இந்த வேறுபாடுகளை எடுத்துக்காட்டினார்கள். நான் ஒன்றை அழுத்திச் சொல்வேன். மாற்குவில் பேதுரு அவரை ‘ரபீ’ என்கிறான். மத்தேயுவில் அது ‘ஆண்டவரே’ என்று உயர்கிறது. மரணத்தை வென்று வந்தவரைப் பற்றிய கதையாகப் பிறந்திருந்தால், நம்மிடம் உள்ள மிகப் பழைய வடிவத்தில் ஓர் ஆசிரியரை விளிக்கும் சொல் எப்படி நுழைந்தது? புல்ட்மனிடம் இதற்கு விடை இல்லை.

மாற்கு கதையைத் தொடங்கும் ‘ஆறு நாளைக்குப் பின்’ என்ற குறிப்பும் ஈஸ்டரைவிடச் சீனாயையே நினைவூட்டுகிறது. மேகம் ஆறு நாள் சீனாயை மூடியிருந்தது. ஏழாம் நாள் மேகத்தின் நடுவிலிருந்து கர்த்தர் மோசேயைக் கூப்பிட்டார் (யாத்திராகமம் 24:16).

புல்ட்மன் சாட்சிக்கு அழைத்தவற்றுள் பேதுருவின் வெளிப்பாடு என்ற நூல் முக்கியமானது. அதன் கிரேக்கத் துண்டு 1886-87 குளிர்காலத்தில் மேல் எகிப்தின் அக்மிம் கல்லறை ஒன்றில் கிடைத்தது. முழுமையான வடிவம் எத்தியோப்பிய மொழியில் உள்ளது. அங்கே மலைக்காட்சி விண்ணேற்றத்தோடு முடிகிறது என்பது உண்மை. ஆனால் அக்மிம் துண்டில் ஒளிவீசுகிறவர்கள் பெயர் சொல்லப்படாத இரு நீதிமான்கள். இயேசுவின் உருவம் மாறவில்லை. எத்தியோப்பிய வடிவத்தில் மேலிருந்து வரும் குரலின் சொற்கள் மத்தேயுவின் சாயலில் உள்ளன. மத்தேயுவை அறிந்த நூலை மாற்குவுக்கு முந்திய மரபுக்குச் சாட்சியாக நிறுத்துவது கடினம். நூலின் காலமும் தீராத சிக்கல். அலெக்சாந்திரியாவின் கிளமெந்து எடுத்தாள்வதால் 2ஆம் நூற்றாண்டைத் தாண்டாது என்பது வரை உறுதி. பார் கோக்பா கலகத்தின் (132-135) நிழல் அதில் தெரிகிறது என்ற கருத்தை நான் முற்றாக ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

இனிப் பாடபேதம். பி45, பி75 என்னும் பாப்பிரஸ் சுவடிகளும் சீனாய், வத்திக்கான் சுவடிகளும் லூக்கா 9:35இல் ‘எக்லெலெக்மெனோஸ்’, அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டவர், என்று எழுதுகின்றன. அலெக்சாந்திரியச் சுவடியும் பிற்காலச் சுவடிகளில் பெரும்பான்மையும் ‘அகப்பேடோஸ்’, அதாவது நேசத்துக்குரியவர், என்கின்றன. மாற்குவிலும் மத்தேயுவிலும் இருப்பது பின்னதே. பழகிய சொல்லை எழுத்தர் கை தானாக எழுதிவிடும். பழகாத சொல்லை வலிந்து நுழைக்காது. ஆகவே ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்’ என்பதே லூக்காவின் சொல் என்று கொள்கிறேன்.

அப்படியானால் அவர் ஏன் மாற்குவின் சொல்லை மாற்றினார்? கர்த்தருடைய தாசனைப் பற்றிய ஏசாயா 42:1இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் ‘எக்லெக்டோஸ்’ என்ற உறவுச்சொல் வருகிறது. அதே சொல் லூக்காவில் மீண்டும் இயேசுவைக் குறித்து ஒலிப்பது சிலுவையடியில்: தேர்ந்தெடுக்கப்பட்டவனானால் தன்னைக் காத்துக்கொள்ளட்டும் என்று அதிகாரிகள் ஏளனம் செய்யும் இடத்தில் (23:35). மலையில் பிதா சொன்னதைக் கொல்கிறவர்கள் இகழ்ச்சியாகத் திருப்பிச் சொல்கிறார்கள். இந்த இணைப்பைக் கண்டபின், மறுரூபம் வெறும் மகிமைக் காட்சி என்று என்னால் வாசிக்க முடியவில்லை. மாற்குவின் கதையைக் கையிலெடுத்த முதல் வாசகர்களில் ஒருவர் அதை ஈஸ்டரின் துண்டாகப் பார்க்கவில்லை. சிலுவைக்குப் போகும் வழியில் கிடைத்த வெளிப்பாடாகப் பார்த்தார்.

எதிர்ச்சான்றுகளை மறைக்க மாட்டேன். மார்சியோனின் லூக்காவில் ‘நேசத்துக்குரியவர்’ என்றிருந்ததாகத் தெர்த்துல்லியன் வழி அறிகிறோம். ஆகவே அந்தப் பாடமும் 2ஆம் நூற்றாண்டுக்கு உரியது. பி75ஐ 4ஆம் நூற்றாண்டுக்குக் கீழிறக்க வேண்டும் என்போரும் உள்ளனர். அதைவிட வலுவானது, ‘இரண்டு மனுஷர்’ என்ற தொடர். மலையிலும் (9:30), வெறுங்கல்லறையிலும் (24:4), விண்ணேற்றத்திலும் (அப்போஸ்தலர் 1:10) லூக்கா அதையே ஆள்கிறார். மூன்றையும் அவர் கோத்திருக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் கோத்தவர் ஓர் ஆசிரியர். மணிகள் ஒரே இடத்தில் பிறந்தன என்று அதனால் ஆகாது. லூக்காவின் வாசிப்பு மாற்குவுக்கு முந்திய மரபை நிரூபிக்காது என்பதும் இதே அளவுக்கு என் வாதத்தைக் கட்டுப்படுத்துகிறது.

பாடபேதம் எப்படித் தீர்ந்தாலும் 9:31 அசையாமல் நிற்கிறது. மோசேயும் எலியாவும் எருசலேமில் நிறைவேறப்போகும் அவருடைய ‘எக்சோடோஸ்’ பற்றிப் பேசினார்கள். யாத்திராகமத்தின் கிரேக்கப் பெயர் அது, மரணத்துக்கும் வழங்கிய சொல். ஜெபிக்கவே இயேசு மலையேறினார், உடன் போன சீடர்கள் தூக்க மயக்கத்தில் இருந்தார்கள் என்று மறுரூபத்தில் சொல்பவர் லூக்கா மட்டுமே. 22ஆம் அதிகாரத்தில், பிடிபடுவதற்குச் சற்று முன், ஒலிவமலையில் அந்த ஜெபமும் அந்தத் தூக்கமும் மறுபடி வருகின்றன.