மெஹ்ரோலி தூணும் எங்க வீட்டுக் கைப்பிடியும்

தில்லி வந்து பதினோரு வருஷம் கழிச்சு ஒரு வழியா துவாரகாவில் சொந்த வீடு. சாவி வாங்குறதுக்கு முன்னாடி பார்க்கப் போனோம். படிக்கட்டு ரெயிலிங்குக்குப் பளபளன்னு கறுப்பு பெயிண்ட். வீட்டம்மாவுக்குப் பிடிச்சுப் போச்சு. நான் பிடிச்சு ஆட்டினேன். ஆடிச்சு!

கும்பகோணத்திலிருந்து அம்மா வர்றாங்க. 76 வயசு. படியேறும்போது மொத்த பாரமும் கைப்பிடி மேலதான்.

நான் காமர்ஸ் படிச்ச ஆளு. வங்கியில் எத்தனையோ வீட்டுக்கடன் ஃபைல் பார்த்தாச்சு, ஒரு மதிப்பீட்டு அறிக்கையிலும் கைப்பிடி பத்தி ஒரு வரி பார்த்ததில்லை. இரும்பு பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் குதுப் வளாகத்து இரும்புத் தூண் கதைதான். ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிட்டுப் போறோமே, அதே தூண்.

குப்தர் காலத்துது, 1600 வருஷப் பழசு. 7 மீட்டருக்கு மேல உயரம், ஆறு டன்னுக்கு மேல எடை. இரும்புக் கட்டிகளைக் காய்ச்சி, ஒண்ணோட ஒண்ணு அடிச்சே சேர்த்திருக்காங்க. வெல்டிங் மெஷின் கிடையாது, சம்மட்டிதான். ஏன் துருப்பிடிக்கலைங்கிறதை ஐஐடி கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார்: அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால மேலே மெல்லிசா ஒரு படலம் உருவாகி அதுவே கவசமாயிடுச்சு. இப்போ எஃகு உருக்கும்போது பாஸ்பரஸை வேணும்னே குறைச்சுடறாங்க, இருந்தா உடையுமாம். அதனால நம்ம வீட்டு இரும்புக்குப் பெயிண்ட்தான் கவசம்.

ஆனா பலரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. 1961ல் அந்தத் தூணைத் தோண்டி எடுத்துப் பார்த்தப்போ, மண்ணுக்குள்ள இருந்த பாகம் துருப்பிடிச்சிருந்தது. காற்று பட்ட இடம் தப்பிச்சது, ஈரம் தங்கின அடிப்பாகம் மாட்டிக்கிச்சு.

ஏதென்ஸ் பார்த்தினான் கோயிலிலும் இதே கதைதான். பழைய கிரேக்கர்கள் பளிங்குக் கல்லைப் பிணைச்ச இரும்புப் பட்டைகளை ஈயம் ஊத்தி மூடினாங்க. 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில் பழுது பார்த்த பாலனோஸ் ஈயம் இல்லாம இரும்பை வச்சார். துரு ஊதிப் பெருத்து கல்லே பிளந்தது. பின்னாடி அதையெல்லாம் எடுத்துட்டு டைட்டானியம் வைக்க வேண்டியதாச்சு.

அதனால மறுபடி போனப்போ பளபளப்பைப் பார்க்கலை, குனிஞ்சு அடியைத்தான் பார்த்தேன். தரையில் இறங்குற கால்களைச் சுத்தி நாணயத்தால் சுரண்டினா, பெயிண்டுக்குக் கீழே புட்டி. புட்டிக்குக் கீழே முழுசா சுத்தி வர வேண்டிய வெல்டிங், பொட்டு வச்ச மாதிரி ரெண்டே இடத்தில். ரெட் ஆக்ஸைடு பிரைமர் பேருக்குக்கூட இல்லை. குழாயோட மேல்வாய் மூடலை. மழைத்தண்ணி உள்ளே இறங்கினா வெளியேற வழியில்லை, உள்ளேயே நின்னு அரிக்கும்.

சூப்பர்வைசர் சிரிச்சார். "சாப், இன்னொரு கோட் அடிச்சா ஒண்ணும் தெரியாது."

தெரியாதுங்கிறதுதான் பிரச்சினைன்னு சொல்லிட்டு, கழற்றி மறுபடி செய்யற வரைக்கும் கடைசித் தவணையை நிறுத்தி வச்சுட்டேன். பட்டறைக்குப் போன ரெயிலிங் இன்னும் திரும்பலை. அம்மாவோட தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை அடுத்த மாசத்துக்கு மாத்தியாச்சு. ஃபோனில் ஒரே திட்டு.