கால் சுற்றளவுக் கணக்கு

தமிழகத்தில் நாம் தேக்கு என்பதை ஆகுர்டியில் சாக்வான் என்கின்றனர். பெயர் வேறாயினும், மரக்கடையில் நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு இரண்டிடத்தும் ஒன்றே. உருண்டை மரத்தின் நடுவில் நாடாவைச் சுற்றி, கிடைத்த சுற்றளவை நான்கால் வகுப்பர். அந்த ஈவை அதனாலேயே பெருக்கி, பின் மரத்தின் நீளத்தாலும் பெருக்கி, இத்தனை கன அடி என்று விலை பேசுவர். வட்டத்தின் பரப்பைக் காணும் முறை இதுவன்று என்பதைப் பள்ளிக் கணக்கை மறவாத எவரும் உணர்வர்.

பத்தடி நீளமும் நாலடிச் சுற்றளவும் உள்ள மரம் ஒன்றை எடுத்துக் கொள்வோம். கால் சுற்றளவு ஓரடி; ஆகவே கடைக் கணக்குப்படி அது 10 கன அடி. உண்மையில் அந்த உருளையின் கன அளவு 12.73 கன அடியாகும். ஐந்தில் ஒரு பங்கிற்கும் சற்று மேலாகவே கணக்கிலிருந்து மறைந்து விடுகிறது. விற்பவர் இதற்கு எவ்வாறு இசைந்தார்?

இம்முறையை அட்டவணைகளாக்கிப் பரப்பியவர் எட்வர்டு ஹாப்பஸ் என்னும் ஆங்கிலேயர். லண்டனில் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் அளவையாளராக இருந்த அவர், 1736-இல் வெளியிட்ட நூலில், பெருக்கத் தெரியாத வணிகரும் விரல் வைத்துப் பார்த்தே விடை காணும்படி செய்தார். பட்டையும் வெளிறும் போக, சதுரித்து அறுக்கும்போது நான்கு பக்கமும் கழியும் துண்டுகளும் போக, வாங்குபவருக்குப் பயன்படுவது எவ்வளவு என்பதற்கு ஏற்பட்ட ஒப்பந்தமே கால் சுற்றளவு. நம் எடுத்துக்காட்டு மரத்தைக் கூரிய விளிம்புள்ள ஒரே சதுர உத்திரமாக அறுத்தால் கிடைப்பது 8 கன அடிக்குச் சற்று மேல்தான். ஆனால் பக்கத் துண்டுகளும் வீணல்ல; மெல்லிய பலகைகளும் சட்டங்களும் அவற்றில் கிடைக்கும். எட்டுக்கும் பன்னிரண்டே முக்காலுக்கும் இடையே பத்து என்று நின்றது பேரம். நம் கருத்தில் இது பிழையான வடிவ கணிதமன்று. கழிவை யார் தாங்குவது என்னும் வழக்கிற்குக் கிடைத்த தீர்ப்பு.

இவ்வழக்கு நம் நாட்டிற்குப் புதிதன்று. நாம் இன்று வாழும் இம்மராட்டிய மண்ணில், சாளீஸ்காவ் அருகேயுள்ள பாட்டண் என்னும் ஊரில், பாஸ்கராசாரியரின் நூல்களைப் பயிற்றுவதற்கென அவருடைய பேரர் நிறுவிய கல்விச்சாலை பற்றிய 1207-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ளது. 1150-இல் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியில் ரம்பக் கணக்கிற்கென்றே ஒரு பகுதி உண்டு. அடியில் 20 அங்குலமும் நுனியில் 16 அங்குலமும் கனமுள்ள, 100 அங்குல நீள மரத்தை நான்கு தடம் அறுத்தால் அறுத்த பரப்பு எவ்வளவு என்று அவர் வினவுகிறார். அடியையும் நுனியையும் சராசரியாக்கி 18 எனக் கொண்டு, நீளத்தாலும் தடத்தாலும் பெருக்கி, 576-ஆல் வகுத்தால் பன்னிரண்டரைச் சதுர முழம். இங்கே மரத்தின் கன அளவு கேட்கப்படவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அளக்கப்படுவது அறுப்பவரின் உழைப்பு. மரத்தின் மென்மை, வன்மைக்கேற்பக் கூலி மாறும் என்றும் நூலாசிரியர் சொல்லி வைத்தார்.

பிற்காலத்தில் அளவு கேட்டவர் அரசாங்கத்தார். பம்பாய்க் கப்பல் தளத்திற்கு மலபார்த் தேக்கு சென்றுகொண்டிருந்தது. 1817-இல் அங்கே வாடியா குடும்பத்தார் கட்டி மிதக்கவிட்ட போர்க்கப்பலுக்கு நம் திருக்கோணமலையின் பெயரே இடப்பட்டது. அத்தேக்குக் கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கிறது. வெட்ட வெட்டக் காடு குறையவே, சென்னை மாகாணத்து மலபாரில் கலெக்டர் கானலி 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் தொடங்கினார். அதை வளர்த்துக் காட்டியவர் சாத்து மேனோன்.

விழுந்த மரத்தை அளந்த வணிகருக்குப் போதுமான கணக்கு, நிற்கும் காட்டை மதிப்பிடப் போதவில்லை. 1856-இல் பர்மாவுக்கு வந்த டீட்ரிக் பிராண்டிஸ் வழிநெடுக மரங்களைச் சுற்றளவு வாரியாகப் பிரித்து, வகைக்கொரு குச்சியில் வெட்டுக்குறி இட்டு எண்ணிச் சென்றார். பின்னர் 1864-இல் இந்தியக் காடுகளின் முதல் தலைமை ஆய்வாளரானார்.

அடிமரமோ உருளையன்று. வேரடியில் உட்குழிந்து விரியும், நடுவில் மெல்லப் பருத்த வடிவாகும், உச்சியில் கூம்பாகும். இரு முனைகளின் பரப்பையும் சராசரியாக்கும் ஸ்மாலியன் முறையில் வேரடி விரிவு கணக்கை உயர்த்திவிடும். நடுப் பரப்பை மட்டும் கொள்ளும் ஹூபர் முறையில் அதே அடித்துண்டின் கணக்கு குறையும். ஆதலால் ஆகுர்டியில் வீட்டுக்கு நிலை வாங்கச் செல்பவர் விலை கேட்குமுன் கேட்க வேண்டியவை இரண்டு: நாடா எந்த இடத்தில் சுற்றப்பட்டது, பட்டையோடு சுற்றப்பட்டதா, பட்டை நீக்கியா?