தளநாரும் இடுப்புப் பட்டியும்: பனையேறும் உடம்பின் கதை

பரந்தனில் இருந்து பூநகரி போகும் வழியில் பனையும் மின்கம்பமும் அருகருகே நிற்கிற இடங்கள் நிறைய உண்டு. கம்பத்தில் ஏறுகிற மின்சார சபை ஊழியருக்கு இடுப்பில் பட்டி இருக்கும், தலையில் தொப்பி இருக்கும். விழுந்தால் பதில் சொல்ல ஒரு முதலாளியும் இருப்பார். பக்கத்துப் பனையில் ஏறுகிறவருக்குக் காலில் ஒரு தளநார்தான். பனையோ கம்பத்தைவிட இரண்டு மடங்கு உயரம். கம்பத்தில் வருடத்துக்கு எத்தனை தரம் ஏறுவார்கள் எண்டு தெரியாது, பனையில் ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறவேண்டும்.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது? பனையேறுவதற்கு வசதியான ஒரு பட்டி ஏன் இன்னும் வன்னிக்கு வரவில்லை? இது தொழில்நுட்பக் கேள்வி போலத் தெரியும். ஆனால் தேடிக்கொண்டு போனால் வரலாற்றில்தான் போய் நிற்கிறோம்.

தளநார் என்ன செய்யும், என்ன செய்யாது

முதலில் தளநாருக்கு உரிய மரியாதையைக் கொடுப்போம். பனையின் மட்டை நாரைக் கொண்டு முறுக்கிச் செய்கிற ஒரு வளையம் அது. இரண்டு பாதங்களையும் அதற்குள் விட்டால் பாதங்கள் விலகாது. உள்ளங்கால்கள் இரண்டு பக்கமும் மரத்தை இறுக்கிப் பிடிக்கும். கைகளால் மரத்தைக் கட்டிப்பிடித்து, கால்களை மேலே இழுத்து, ஊன்றி, உடம்பை நிமிர்த்தினால் ஒரு எட்டு ஏறியாச்சு. அடியில் பருத்து மேலே சிறுத்துப் போகிற எந்த மரத்துக்கும் அது பொருந்தும். காசு இல்லை. பழுதானால் அதே மரத்தில் இருந்தே புதிசு. இவ்வளவு சின்னப் பொருளுக்கு இவ்வளவு வேலை செய்யத் தெரிகிறது எண்டால் அதற்குப் பின்னால் பல தலைமுறை அறிவு இருக்கிறது.

ஆனால் தளநார் பிடிப்பது பாதத்தை, உடம்பை அல்ல. கை வழுக்கினால் அதால் ஒன்றும் செய்ய முடியாது. உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கால், தோள், நெஞ்சு, கையின் உட்பக்கம் ஆகியவற்றில் விழுகிறது. பழைய சீவல் தொழிலாளரின் நெஞ்சிலும் காலிலும் இருக்கிற காய்ப்பு அந்தக் கணக்கின் கையெழுத்து.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒருவர் 15 மரம் சீவுகிறார், ஒவ்வொன்றும் 40 அடி, காலையும் மாலையும். ஒரு நாளைக்கு 1,200 அடி ஏற்றம், அதே அளவு இறக்கம். கொழும்பில் இருக்கிற தாமரைக் கோபுரம் 350 மீற்றர் அளவு உயரம். அதாவது அந்தக் கோபுரத்தின் உச்சிக்கு நாளுக்கு ஒருதரம் வெறுங்காலோடு ஏறி இறங்குவதற்குச் சமம். 60 அடியில் இருந்து கை விட்டால் நிலத்துக்கு வர இரண்டு செக்கன் ஆகாது. விழும்போது வேகம் மணிக்கு 65 கிலோமீற்றரைத் தாண்டும்.

எதை எண்ணினார்கள்?

பனையைப் பற்றி எழுதியவர்களுக்குக் குறைவில்லை. வில்லியம் பெர்குசன் 1850இல் பனைக்கெண்டே ஒரு ஆங்கில நூல் எழுதினார். ஓலை, மட்டை, கிழங்கு, நுங்கு, மரம் எல்லாவற்றின் பயனும் எண்ணப்பட்டன.

ஏறுகிறவர் எப்படி எண்ணப்பட்டார்? ஒல்லாந்தர் காலத்தில், 1706இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, கோவியர், பள்ளர், நளவர் முதலியோரை அடிமைகள் என்ற தலைப்பின் கீழ் வைத்தது. பனையேறும் தொழில் பெரும்பாலும் நளவர் மேல் சுமத்தப்பட்டிருந்தது. 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. தொழிலும் இழிவும் ஒழியவில்லை. மேலுடம்பை மூடக்கூடாது, கோயிலுக்குள் வரக்கூடாது என்ற கட்டுப்பாடுகள் அதற்குப் பிறகும் நூறு வருடத்துக்கு மேல் நீடித்தன. 1966 ஒக்ரோபரில் தொடங்கிய தீண்டாமை ஒழிப்புப் போராட்டமும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்ததும் அந்தக் கட்டுப்பாடுகளுக்கு எதிராகத்தான்.

நெஞ்சை மூடவே அனுமதி இல்லாத ஒரு உடம்புக்கு நெஞ்சுப் பட்டி யார் யோசிக்கப்போகிறார்கள்?

1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் சீவுவதற்கும் விற்பதற்கும் அனுமதிப்பத்திரம் கேட்டது. அரசுக்குத் தேவைப்பட்டது வருமானம், அதனால் மரமும் கள்ளும் தவறணையும் கணக்கில் வந்தன. 1934இல் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. அது வேலை கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. சொந்தக் காலில் நின்று, ஆருடையதோ காணியில், வாடகைக்கோ பங்குக்கோ மரம் ஏறுகிறவருக்கு முதலாளி யார்?

1970களில் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தது பெரிய மாற்றம். தவறணை முதலாளியின் பிடியில் இருந்து விற்பனை தொழிலாளரின் கைக்கு வந்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை உருவானது. இவை எல்லாம் கள்ளின் விலையையும் பனை உற்பத்தியையும் மாற்றின. மரத்துக்கும் மனிசனுக்கும் இடையில் இருந்த பொருள் மட்டும் தளநாராகவே இருந்தது.

போருக்குப் பிறகு ஏறுகிற மரம்

வன்னியில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பாரம் உண்டு. பதுங்குகுழிக்கும் காப்பரணுக்கும் பனங்குற்றி போனது. செல்லடியில் வட்டு இழந்த மொட்டைப் பனைகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வரிசையாக நின்றன. தப்பிய மரங்களுக்குள்ளும் இரும்புச் சிதறல் இருக்கலாம்.

மனிசரின் உடம்பும் அப்படித்தான். 2009இற்குப் பிறகு மீளக்குடியேறியவர்களில் கால் இழந்தவர்களும், உடம்புக்குள் சிதறல் துண்டோடு வாழ்கிறவர்களும் எத்தனையோ பேர். தளநாருக்கு இரண்டு பாதம் வேண்டும். ஒரு பாதத்தை மிதிவெடிக்குக் கொடுத்த சீவல் தொழிலாளிக்கு அந்தப் பொருளோடு தொழிலும் முடிந்தது. அவருடைய மகன் ஏறப் போவதில்லை எண்டு சொன்னால், 'சோம்பேறிப் பொடியள்' எண்டு திட்டுவது எங்களுக்குச் சுகம். விழுந்து முள்ளந்தண்டு உடைந்தால் யார் பார்ப்பார் என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

வேறு இடங்களில் நடந்தது

உயரத்தில் வேலை செய்கிற எல்லோரும் ஒரு காலத்தில் இடுப்பைச் சுற்றி ஒரு கயிறோ தோல்பட்டியோதான் கட்டினார்கள். அதில் தொங்கினால் வயிறும் விலாவும் நெரிந்து மூச்சு முட்டும். மலையேறிகள் இதை மாற்றினார்கள். 1970இல் அன்னபூர்ணாவின் தென்முகத்தில் ஏறிய குழுவுக்காக டொன் வில்லன்ஸ் என்ற ஆங்கில மலையேறி, தொடைகளையும் தாங்குகிற பட்டி ஒன்றை வடிவமைத்தார். பாரம் வயிற்றில் இருந்து இடுப்பெலும்புக்கும் தொடைக்கும் இறங்கியது. மரம் வெட்டவும் கிளை கழிக்கவும் ஏறுகிறவர்களின் 'சடில்' பட்டியும் அதே அடிப்படைதான்: இருந்துகொண்டு வேலை செய்யலாம், கை இரண்டும் சும்மா இருக்கும். 1998இல் இருந்து அமெரிக்கக் கட்டட வேலைகளில், விழுகிறவரைத் தடுத்து நிறுத்த வெறும் இடுப்புப் பட்டியைப் பாவிக்கக்கூடாது எண்டு சட்டமே வந்துவிட்டது.

கிட்டவும் வழிகள் உண்டு. கேரளத்தின் செம்பேரி ஜோசப் செய்த தென்னை ஏறும் கருவியில் நின்றபடி கால் மாற்றி மாற்றி ஏறலாம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கருவியில் இருந்தபடி ஏறலாம். 2011இல் இந்தியத் தென்னை வளர்ச்சி வாரியம் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பெயரில் இளைஞருக்குப் பயிற்சியும் கருவியும் காப்புறுதியும் சேர்த்துக் கொடுத்தது. அந்த மூன்றும் சேர்ந்து வந்ததுதான் முக்கியம்.

ஆனால் தேங்காய் பறிக்கிற கருவியை அப்படியே பனைக்குக் கொண்டுவந்தால் சரிவராது. தேங்காய் பறிக்கிறவர் வட்டுக்குக் கீழே நின்று வெட்டிவிட்டு இறங்கலாம். சீவுகிறவர் வட்டுக்குள்ளே போகவேண்டும். மட்டைகளுக்கு நடுவில் இருந்து பாளையைத் தட்டி, சீவி, முட்டியை மாற்றவேண்டும். மரத்தை விட்டு மட்டையைப் பிடிக்கிற அந்த நேரத்திலும், உக்கின மட்டை கழன்றாலும், குளவி கலைந்தாலும் கருவி கீழே மரத்தில் கிடக்கும், ஆள் மேலே தனிய இருப்பார். பட்டி தேவைப்படுவது அங்கேதான்.

எந்தப் பட்டி?

ஆகவே ஒரு சங்கமோ தொண்டு நிறுவனமோ பட்டி வாங்க நினைத்தால், வாங்க முதல் பார்க்க வேண்டியவை இவை.

பாரம் எங்கே விழுகிறது? இடுப்பெலும்பிலும் தொடையிலும் விழவேண்டும். நிலத்தில் இருந்து இரண்டடி உயரத்தில், துணைக்கு ஆள் நிற்க, பத்து நிமிசம் தொங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். கால் விறைத்தால் அந்தப் பட்டி வேண்டாம். அசையாமல் பட்டியில் தொங்குவதே ஆபத்து, இரத்தம் காலில் தேங்கும்.

வன்னி வெயிலுக்குப் பொருந்துமா? குளிர் நாட்டுக்காரருக்குச் செய்த தடித்த பஞ்சுப்பட்டி பங்குனி மாதத்தில் வியர்வை ஊறி வெறும் தோலை உரசும். அகலமாகவும் காற்றுப் போகக்கூடியதாகவும் இருப்பது நல்லது. மடிச்சுக் கட்டின சாரத்தோடு தொடைப்பட்டி சரிவருமா எண்டும் பார்க்கவேண்டும்.

மரத்தைச் சுற்றுகிற கயிற்றை ஒரு கையால் மாற்ற முடியுமா? கத்தி பட்டால் அறுமா? வாளோடு மரம் ஏறுகிறவர்கள் உள்ளே கம்பி ஓடுகிற கயிற்றைப் பாவிப்பது அதற்குத்தான். கத்திக்கும் முட்டிக்கும் பக்கத்தில் கொளுவ இடம் உண்டா? ஒரு மரத்துக்கு எத்தனை நிமிசம் கூடச் செலவாகும்? 15 மரத்துக்கு ஐந்தைந்து நிமிசம் கூடினால் ஒரு நேரத்துக்கே ஒன்றேகால் மணித்தியாலம் போய்விடும். அப்படிப்பட்ட பட்டி வீட்டு வளையில்தான் தொங்கும். அதற்குத் தொழிலாளரைக் குறை சொல்ல ஏலாது.

இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அலுவலகத்தில் இருந்து பதில் சொல்ல முடியாது. நாற்பது வருடம் தளநாரில் ஏறியவருக்குத்தான் தெரியும். முந்நூறு வருடமாக மரத்தையும் கள்ளையும் வரியையும் எண்ணினவர்கள் கேட்காமல் விட்டது அவரைத்தான். அடுத்தமுறை எங்கள் ஊரில் பட்டி பகிர்ந்தளித்துப் படம் எடுக்கிற விழா நடந்தால் நாங்கள் கேட்கவேண்டிய கேள்வி சின்னது: இதை வாங்க முதல் ஆர் போட்டு ஏறிப் பார்த்தது?