சாம்பல்நிற உழவு இயந்திரம்



பழமை என்றதும் நம் மனம் கோயிலையும் கோட்டையையும் ஏட்டுச்சுவடியையுமே நாடுகின்றது. வயலில் உழைத்து ஓய்ந்து, கொட்டிலின் மூலையில் துருவேறிக் கிடக்கும் இயந்திரத்தையும் சரித்திரச் சின்னமெனக் கொள்வோர் சிலரே. ஆயினும் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நியூசீலாந்திலும் அத்தகைய இயந்திரங்களைத் தேடியெடுத்து, உறுப்பு உறுப்பாகக் கழற்றி, மீண்டும் இயங்கச் செய்வோர் பலர் உளர். அவர்கள் பெரிதும் விரும்புவனவற்றுள் ஒன்று, பேர்குசன் ரீ.ஈ. 20 என்னும் சாம்பல்நிறச் சிறு உழவு இயந்திரம். அதன் கதையையே இன்று நோக்குவோம்.

ஹரி பேர்குசன் 1884 ஆம் ஆண்டு அயர்லாந்தின் டவுண் மாவட்டத்தில் உழவர் குடும்பமொன்றிற் பிறந்தவர். தாமே அமைத்த விமானத்தில் 1909 ஆம் ஆண்டின் இறுதி நாளன்று வானிற் பறந்தவர். முதலாம் உலகப் போரின்போது, 1917 இல், அயர்லாந்தின் உழவு இயந்திரங்களைச் செம்மையாகப் பயன்படுத்தச் செய்யும் பணி அவரிடம் வந்தது. அங்கே அவர் ஒரு பெருங்குறையைக் கண்டார். அக்கால இயந்திரங்கள், மாடு வண்டியை இழுப்பதுபோலக் கலப்பையைப் பின்னாலே கட்டியிழுத்தன. கலப்பை பாறையிற் சிக்கினால், முன்பக்கம் மேலெழுந்து, ஓட்டியவர் மீதே இயந்திரம் கவிழ்வதுண்டு. இவ்வாறு உயிரிழந்த உழவர் பலர்.

கலப்பையையும் இயந்திரத்தையும் ஒரே உடலாக்குவதே பேர்குசன் கண்ட வழி. கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று தண்டுகளாற் கலப்பையைப் பிணைத்தார். மண்ணின் எதிர்ப்பு மிகும்போது மேற்றண்டு முன்னோக்கி அழுத்தும். அவ்வழுத்தம் முன்சக்கரங்களை நிலத்தோடு இருத்துவதுடன், எண்ணெயின் விசையால் இயங்கும் தூக்கியையும் தூண்டிக் கலப்பையைச் சற்றே உயர்த்தும். கலப்பையின் பாரமும் மண்ணின் பிடியும் பின்சக்கரங்களுக்கு மாறும். ஆதலால் இலகுவான சிறு இயந்திரமே பார இயந்திரத்தின் வேலையைச் செய்தது. இன்றும் உலகெங்கும் உழவு இயந்திரங்களிற் காணப்படும் மூன்று தண்டு இணைப்பு இதன் வழிவந்ததே.

1938 இல் அமெரிக்காவின் ஹென்றி போட்டும் பேர்குசனும், எழுத்தில் ஒப்பந்தமின்றி, கைகுலுக்கி உடன்பட்டனர். மறு ஆண்டே போட் தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கிற்று. 1947 இல் போட்டின் பேரன் அவ்வுடன்பாட்டை முறித்தார். வழக்குத் தொடர்ந்த பேர்குசனுக்கு 1952 இல் 92 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கிடைத்தது. இதற்கிடையே, 1946 முதல் 1956 வரை, இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஸ்ராண்டட் மோட்டார் நிறுவனம் ரீ.ஈ. 20 இயந்திரங்களை ஐந்து இலட்சத்துக்கும் மேலாகச் செய்தளித்தது.

இத்தனை ஆண்டுகளின் பின்னரும் அவற்றைப் புதுப்பிக்க முடிவது எங்ஙனம்? பழுதுபார்ப்பதை எண்ணியே அவை ஆக்கப்பட்டன. இயந்திர உருளையின் உட்சுவர் தேய்ந்தால், அந்த உட்குழாயை மட்டும் கழற்றிப் புதியதைப் பொருத்தலாம். துருவால் இறுகிய இயந்திரத்தைக் கைதேர்ந்தவர் வலிந்து சுழற்றார். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, அத்துளைகளில் எண்ணெய் வார்த்து, நாட்கணக்கிற் பொறுத்திருப்பார். 1949 இல் வந்த ஒரு வகை, பெற்றோலில் எழுந்து, சூடேறியபின் மண்ணெண்ணெய் போன்ற மலிவான எரிபொருளில் ஓடிற்று. அவ்வெரிபொருள் பிற்காலத்திற் சந்தையிலிருந்து மறையவே, இன்று புதுப்பிப்போர் மண்ணெண்ணெயுடன் பெற்றோல் கலந்து ஓட்டுகின்றனர். 1990 களில் பொருளாதாரத் தடையின்போது, சிறிது பெற்றோலால் எழுப்பி மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய யாழ்ப்பாணத்தாருக்கு இது வியப்பாயிராது.

இனி ஒரு வினா எழுகின்றது. புதுப்பிப்பது என்றால், தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் கோலத்துக்கு மீட்பதா? எட்மண்ட் ஹிலாரியின் குழுவினர் மூன்று பேர்குசன் இயந்திரங்களுக்குச் சக்கரங்களைச் சுற்றிச் சங்கிலித் தடங்கள் பூட்டினர்; பனிக்காற்றைத் தடுக்கச் சிறு கூடுகளும் அமைத்தனர். பனிப் பிளவில் ஒன்று வீழ்ந்தால் மற்றவை தாங்குமாறு கயிற்றாற் பிணைத்து ஓட்டி, 1958 ஜனவரி 4 ஆந் திகதி தென்துருவத்தை அடைந்தனர். தரைவழியே அங்கு சென்ற முதல் மோட்டார் வாகனங்கள் அவையே. அவற்றின் தடங்களைக் கழற்றிப் பழைய சக்கரங்களை மாட்டி மினுக்கினால், மீட்கப்படுவது இரும்பு மாத்திரமே, வரலாறு அழிந்துவிடும்.

சாதாரண உழவனின் இயந்திரத்துக்கும் இது பொருந்தும். ஊர்க் கொல்லன் ஒட்டிய ஒட்டும், மிதித்துத் தேய்ந்த மிதியும் அவ்வுழவனின் கையெழுத்து அல்லவா? ஓடுவதற்கு வேண்டியதை மாற்றுவதும், உழைப்பின் சுவடுகளைக் காப்பதுமே நேரிய புதுப்பித்தல் என்பது என் கருத்து.

நம் நாட்டில் இருசக்கர உழவு இயந்திரம் எதனையும் 'லாண்ட்மாஸ்டர்' என்றே வழங்குகின்றோம். அது பிரித்தானிய நிறுவனமொன்றின் வாணிபப் பெயரென்பதை அறிந்தோர் குறைவு. பொருள் மறைந்தாலும் பெயர் நிலைத்தது. ஆனால் அதனைப் பிரித்துப் பூட்டிய கைகளின் அறிவு, பெயரைப்போலத் தானாக நிலைப்பதன்று. ஒருவர் மற்றவருக்குக் கற்பித்தாலே நிலைக்கும். உழவர் தம் இயந்திரத்தைத் தாமே திருத்தும் உரிமைக்காக, 2023 இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஆகவே, உங்கள் ஊர்க் கொட்டிலில் பழைய இயந்திரமொன்று கிடப்பின், இரும்பு வணிகரிடம் நிறுத்துக் கொடுக்குமுன், அதனைத் திருத்தத் தெரிந்த முதியவரையும் கற்க விரும்பும் இளைஞனையும் அதனருகே ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.