ஜூஸ்பரி, ஜெரால்டின் (1812–1880)

விக்டோரியா காலத்து ஆங்கில நாவலாசிரியரும் திறனாய்வாளருமான ஜெரால்டின் ஜூஸ்பரி, அக்காலத்தில் டார்பிஷரைச் சேர்ந்திருந்த மீஷம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தாமஸ் பருத்தித் தொழிலில் ஈடுபட்டவர்; தொழில் நலியவே 1818இல் குடும்பம் மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்தது. மறு ஆண்டு தாயார் காலமானதும் பன்னிரண்டு வயது மூத்தவரான தமக்கை மேரியா ஜேன் குடும்பப் பொறுப்பை ஏற்றார். கவிஞராகவும் கட்டுரையாளராகவும் புகழ்பெற்று வேர்ட்ஸ்வொர்த்தின் நட்பையும் அடைந்த மேரியா, 1832இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதிரியார் ஒருவரை மணந்து இந்தியாவுக்கு வந்து, 1833இல் பூனா நகரில் வாந்திபேதியால் இறந்தார். வீட்டுச் சுமைக்கு நடுவிலும் எழுத்தை விடாத தமக்கையின் முன்மாதிரியே தங்கையை எழுத்தாளராக்கியது.

தந்தை இறந்த 1840இல் சமய ஐயங்களால் அலைக்கழிந்த ஜெரால்டின், சிந்தனையாளர் தாமஸ் கார்லைலுக்குக் கடிதம் எழுதினார். அதன் வழியே அவருடைய மனைவி ஜேனுடன் உண்டான நட்பு, மனத்தாங்கல்களைக் கடந்து, 1866இல் ஜேன் இறக்கும்வரை நீடித்தது. தோழியின் அருகில் வாழ்வதற்காகவே 1854இல் ஜெரால்டின் லண்டனின் செல்சீ பகுதியில் குடியேறினார். ஜேனின் கடிதங்களைத் தம் இறுதிக் காலத்தில் அவர் அழித்துவிட்டார். அவர் ஜேனுக்கு எழுதியவற்றின் தொகுப்பு 1892இல் வெளிவந்தது. இதனைக் கொண்டே வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் இந்நட்பைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

ஜேனுடனும் மற்றொரு தோழியுடனும் சேர்ந்து ஜெரால்டின் எழுதத் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த முதல் நாவலான ‘ஸோயி’ (1845), நம்பிக்கை இழக்கும் கத்தோலிக்கக் குருவைக் காட்டியதால் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. நடிகையாகி உழைத்து உயரும் பியாங்காவையும், தொழிலதிபரை மணந்து வேலையின்றி வாடும் ஆலிஸையும் எதிரெதிரே நிறுத்தும் ‘தி ஹாஃப் சிஸ்டர்ஸ்’ (1848) அவருடைய தலைசிறந்த படைப்பாகும். உழைப்பே பெண்ணுக்கு மதிப்பைத் தரும் என்னும் கருத்தை அந்நாளில் இத்தனை துணிவுடன் கூறிய நாவல்கள் மிகச் சில. ‘மேரியன் விதர்ஸ்’ (1851) மான்செஸ்டர் ஆலை வாழ்வைச் சித்திரிக்கிறது.

‘அத்தீனியம்’ வார இதழில் 1849 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் எழுதிய மதிப்புரைகள் 2,000க்கும் மேற்பட்டவை. டிக்கன்ஸின் ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ இதழிலும் எழுதினார். பெண்ட்லி பதிப்பகத்துக்கு வரும் கைப்பிரதிகளைப் படித்து, அச்சிடத் தக்கவற்றைப் பரிந்துரைக்கும் பணியையும் செய்தார். எலன் உட்டின் ‘ஈஸ்ட் லின்’ அவருடைய பரிந்துரையால் ஏற்கப்பட்டது. கார்லைல் தம்பதியரின் மணவாழ்வு குறித்து வரலாற்றாசிரியர் ஃப்ரூடுக்குச் செய்தி அளித்தவர்களுள் அவரும் ஒருவர்.

பிறருடைய வரலாற்றில் ஒரு தோழியாக மட்டுமே அவரைக் குறிப்பிடுவது அவருடைய நாவல்களுக்கு இழைக்கப்படும் அநீதி. ‘தி ஹாஃப் சிஸ்டர்ஸ்’ 1990களில் மறுபதிப்புப் பெற்றது.